ஊராட்சி அலுவலகக் கணினிக்குத் தீயரண்

நமது ஊராட்சி அலுவலகங்களில் இரும்புப் பீரோவுக்குப் பூட்டு உண்டு. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் ஊரார் அனைவரும் அறிவர். ரொக்கப் புத்தகம், வரி கேட்புப் பதிவேடு, தீர்மானப் புத்தகம் முதலியவை அந்தப் பீரோவுக்குள் இருந்த காலத்தில் அவற்றைக் காப்பதற்கு அந்தப் பூட்டே போதுமானதாக இருந்தது. இன்றோ வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் இணைய வழியில் செலுத்தப்படுகின்றன. மத்திய நிதிக்குழு மானியத்தின் வரவு செலவு இ-கிராம் சுவராஜ் தளத்தில் எழுதப்பட்டு, பணம் பெறவேண்டியவரின் வங்கிக் கணக்குக்கு டிஜிட்டல் கையொப்பத்தின் பேரில் நேரே சென்று சேருகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் கணக்கும் அவ்வழியே செல்கிறது. நாடெங்கும் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. பீரோவில் இருந்தவற்றுள் பெரும்பகுதி இன்று மேஜை மேல் இருக்கும் பெட்டிக்குள் குடிபுகுந்துவிட்டது. அந்தப் பெட்டிக்கு என்ன பூட்டு, அதன் சாவி யாரிடம் என்று வினவினால், "லைன் கொடுக்க வந்த பையன் ஏதோ போட்டுவிட்டுப் போனான்" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது.

மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் ஒளியிழைக் கம்பியால் இணைக்கும் பணி, பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டமாகத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தால் மேற்கொள்ளப்பட்டது. சாலை இல்லாத ஊருக்குச் சாலை வருவதை ஒத்த நன்மை இது. எனினும் சாலை என்பது நமது நெல் சந்தைக்குப் போவதற்கு மட்டும் உரியதன்று. முன்பின் அறியாதவரும் அதே சாலையில் ஊருக்குள் வருவர். ஊர்ச் சாலையில் வருபவரையேனும் திண்ணையில் இருப்போர் ஒரு பார்வை பார்ப்பர். கம்பி வழியே வருபவரைக் காண்பார் இல்லை. அவரைத் தடுத்து நிறுத்தி, 'நீ யார், எங்கே போகிறாய்' என்று கேட்கும் காவலுக்கே ஆங்கிலத்தில் 'ஃபயர்வால்' என்று பெயர். தமிழில் அதனைத் தீயரண் என்கிறோம். இக்காவலைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்களும், சங்க நிர்வாகிகளும், வீட்டிலேயே கணினி வைத்து வேளாண் தொழில் நடத்துவோரும் அறியவேண்டியவற்றை இங்கே கூறுவோம்.

கேரளத்து ஊராட்சிகளில் நிகழ்ந்தது

2017ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி வெள்ளிக்கிழமையன்று 'வானாக்ரை' என்னும் தீய நிரல் ஒன்று உலகெங்கும் பரவத் தொடங்கியது. சில தினங்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் அதற்கு இரையாயின. இங்கிலாந்தில் அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பவேண்டி வந்தது. செய்தியைப் பத்திரிகையில் படித்த பலரும் இது பெருநகரங்களின் தொல்லை என்றே எண்ணியிருப்பர். ஆனால் வார இறுதி கழிந்து திங்கட்கிழமை அலுவலகம் திறந்தபோது, கேரள மாநிலம் வயநாடு மாவட்டத்துத் தரியோடு ஊராட்சியிலும், பத்தனம்திட்டை மாவட்டத்து அருவாப்புலம் ஊராட்சியிலும் கணினித் திரையில் அதே அறிவிப்பு நின்றது. கோப்புகள் யாவும் பூட்டப்பட்டுவிட்டன. திறக்கவேண்டுமாயின் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் செலுத்தவேண்டும். மூன்று நாட்களுக்குள் செலுத்தாவிடில் தொகை இரட்டிப்பாகும் என்பதே அதன் சாரம்.

மலையடிவாரத்து ஊராட்சி ஒன்றைத் தேடிப் பிடிக்க எவரும் அங்கே ஆள் அனுப்பவில்லை. வெட்டுக்கிளிக் கூட்டம் சர்வே எண் பார்த்து இறங்குவதில்லை. பச்சை கண்ட இடத்தில் இறங்குகிறது. வானாக்ரையும் அத்தகையதே. கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்காக வைத்துள்ள 445 என்னும் எண்ணுடைய வாயில் எங்கெல்லாம் திறந்திருந்ததோ, அங்கெல்லாம் அது நுழைய முயன்றது. விண்டோஸில் இருந்த குறைபாடு ஒன்றே அதற்கு வழிவிட்டது. பயனாளர் எதையும் திறக்கவேண்டியதில்லை, எதையும் அழுத்தவேண்டியதில்லை. ஓர் அலுவலகத்தில் ஒரு கணினியைப் பிடித்துவிட்டால், அதன் பக்கத்துக் கணினியையும் அடுத்ததையும் தானாகவே தேடிப் போகும். அக்குறைபாட்டைச் சரிசெய்யும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. திருத்தத்தை ஏற்றுக்கொண்ட கணினிகளுக்குள் அவ்வழியாக அது நுழைய இயலவில்லை. 445ஆம் வாயிலைத் தீயரணால் அடைத்திருந்த இடங்களில், வெளியிலிருந்து அது கதவைத் தட்டியும் பயன் இல்லாது போயிற்று.

தீயரண் என்பது யாது?

கூரை வீடுகள் ஒட்டி நிற்கும் தெருவில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் தெரு முழுவதும் சாம்பலாவதை நமது கிராமங்கள் கண்டிருக்கின்றன. வரிசையாகக் கட்டும் கட்டடங்களின் இடையே, கூரைக்கு மேலும் எழுமாறு தடித்த சுவர் ஒன்றை எழுப்பினால் தீ தாண்டாது. கட்டடக் கலையில் அச்சுவருக்கு வழங்கிய பெயரே பின்னர்க் கணினித் துறைக்கு வந்தது. ஆனால் கணினியின் தீயரண் வெறும் சுவராக இருத்தல் இயலாது. முழுவதும் அடைத்துவிட்டால் வரியும் கட்ட முடியாது, விலை நிலவரமும் பார்க்க முடியாது. நமக்கு வேண்டுவது ஏரிக்கரையைப் போன்றது. கரை எங்கும் உறுதியாக இருக்கவேண்டும். வேண்டிய இடத்தில் மட்டும் மதகு வேண்டும். மதகைத் திறக்கும் உரிமை நீர்க்கட்டிக்கு மட்டுமே இருக்கவேண்டும்.

இணையத்தில் செல்லும் செய்தி யாவும் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கின்றது. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும், தபால் உறையின் மேல் எழுதுவது போல, அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் வாயில் எண்ணும் இருக்கும். தொழிலறிந்தோர் வாயிலைப் 'போர்ட்' என்பர். ஒரு கணினிக்கு 65,535 வரை வாயில் எண்கள் உண்டு. பாதுகாப்பான இணையப் பக்கங்கள் 443ஆம் வாயிலில் வருகின்றன. தொலைவிலிருந்து விண்டோஸ் கணினியை இயக்குவதற்கு 3389. பழைய முறைத் தொலைக் கட்டளைகளுக்கு 23. இத்தனை வாயில்களில் சிறு அலுவலகம் ஒன்று வெளியாருக்குத் திறந்து வைக்கவேண்டியது எத்தனை? பெரும்பாலும் ஒன்றுகூட இல்லை. இதனை நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 'எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் இணையம் எவ்வாறு வரும்' என்று கூட்டந்தோறும் கேட்கிறார்கள்.

அதற்கு விடை தீயரணின் நினைவாற்றலில் உள்ளது. தொடக்க காலத்துத் தீயரண்கள் உறையின் மேலிருந்த முகவரியை மட்டுமே பார்த்து அனுமதித்தன அல்லது தள்ளின. 1990களில் வந்தவை ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளத் தொடங்கின. உள்ளேயிருந்து யார் யாருக்குக் கடிதம் போனது என்பதை அக்குறிப்பேட்டில் எழுதி வைத்து, அதற்கான பதில் கடிதம் வந்தால் உள்ளே விடும். நாம் எழுதாத ஒருவரிடமிருந்து தானாக வரும் கடிதத்தை வாசலிலேயே கிழித்துப் போடும். நாம் வங்கியின் பக்கத்தைத் திறக்கும்போது முதலில் கேட்பவர் நாம். வங்கி பதில் தருகிறது. ஆகவே வெளியார் தட்டுவதற்கென்று ஒரு வாயிலும் திறந்திராத அலுவலகத்திலும் எல்லாப் பணியும் தடையின்றி நடைபெறும்.

கையிலேயே இருக்கும் இரண்டு பூட்டுகள்

தீயரண் என்றதும் ஒன்றியத்துக்கு மதிப்பீடு எழுதி, விலைப்புள்ளி கோரவேண்டும் என்று எவரும் எண்ணவேண்டா. இரண்டு தீயரண்கள் ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன. ஒன்று ரவுட்டர் எனப்படும் பெட்டிக்குள் இருக்கிறது. மற்றொன்று கணினியின் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

விண்டோஸின் கதை சுவையானது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலேயே தீயரண் இருந்தது. ஆனால் அது இயங்காத நிலையில் விற்கப்பட்டது. 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்னும் புழு அத்தகைய கணினிகளைச் சூறையாடியது. 2004இல் வந்த இரண்டாம் திருத்தத் தொகுப்பிலிருந்துதான் தீயரண் தானே இயங்கும் நிலையில் வரலாயிற்று. பூட்டு வாங்கிக் கதவில் மாட்டி, பூட்டாமல் போனதற்கு உலகம் செலுத்திய விலை அது. இன்றும் அதே காட்சியை வேறு விதத்தில் நாம் காண்கிறோம். அச்சுப்பொறி வேலை செய்யவில்லை, அல்லது கணக்கு மென்பொருள் மற்றொரு கணினியுடன் பேசவில்லை என்றால், பழுது பார்க்க வருபவர் முதலில் செய்வது விண்டோஸ் தீயரணை நிறுத்திவிடுவதே. அச்சுப்பொறி இயங்குகிறது, அவர் கூலி பெற்றுக்கொண்டு போய்விடுகிறார், தீயரண் நிறுத்தியபடியே ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. ஒரு வயலுக்கு நீர் பாயவில்லை என்று கரையை வெட்டிவிடுவது போன்றது இது. அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. அதைச் செய்து கொடுத்த பின்னரே கூலி வழங்கவேண்டும் என்று நிர்வாகிகள் கண்டிப்பாக இருத்தல் நலம். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான திருத்தங்கள் நின்றுபோயின என்பதையும் நினைவிற்கொள்க. திருத்தம் வராத கணினியைத் தீயரண் ஒன்றே நெடுநாள் காக்காது.

அடுத்து ரவுட்டர். ஒரே வெளிமுகவரியை உள்ளேயுள்ள பல கருவிகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது இதன் வேலை. கேளாமல் வரும் பொட்டலத்தை எந்தக் கருவிக்குக் கொடுப்பது என்று தெரியாததால் அதைக் கீழே போட்டுவிடுகிறது. இதனால் ஓரளவு காவல் கிடைப்பது உண்மையே. ஆனால் இது தற்செயலாய்க் கிடைத்த காவல். இப்போது நமது நாட்டில் பரவிவரும் ஐ.பி.வி.6 என்னும் புதிய முகவரி முறையில், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வெளிமுகவரியே கிடைக்கக்கூடும், பங்கீடு இல்லை. அங்கே ரவுட்டரின் தீயரண் உண்மையாகவே இயங்கிக்கொண்டிருந்தால்தான் காவல் உண்டு. ஆகவே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஐ.பி.வி.4, ஐ.பி.வி.6 இரண்டுக்கும் தீயரண் இயங்குகிறதா என்று பார்த்துச் சொல்லுமாறு இணைப்புக் கொடுத்தவரைக் கேட்கவேண்டும்.

அதே அமர்விலேயே வேறு சிலவற்றையும் முடித்துக்கொள்ளலாம். ரவுட்டருடன் வந்த கடவுச்சொல்லை மாற்றவேண்டும். வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியை நிறுத்தவேண்டும். 'யூ.பி.என்.பி.' என்றொரு வசதி உண்டு. உள்ளேயுள்ள எந்தக் கருவியும் தானாகவே கேட்டு வாயிலைத் திறந்துகொள்ள அது இடந்தரும். நீர்க்கட்டியைக் கேளாமல் யார் வேண்டுமானாலும் மதகைத் திறப்பதற்கு இது சமம், அதனையும் நிறுத்தவேண்டும். ரவுட்டரின் உள்நிரலுக்குப் புதுத் திருத்தம் வந்திருப்பின் ஏற்றிவிடவேண்டும்.

நாமே வெட்டும் மடைகள்

கரை உடைவதைவிட, நாமே சௌகரியத்துக்காக வெட்டிவிட்டு மறந்துபோகும் மடைகளே பெருந்தீங்கு செய்கின்றன. நமது வட்டாரத்தில் பால் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தினார்கள். பால் அளக்கும் இடத்தைச் செயலாளர் தம் வீட்டிலிருந்தே கைபேசியில் பார்க்க விரும்பினார், விரும்பத்தக்க காரியமே. பொருத்த வந்தவர், ரவுட்டரில் ஒரு வாயிலைத் திறந்து, அதைக் கேமராவின் பதிவுப் பெட்டிக்கு நேராகத் திருப்பிவிட்டார். பதிவுப் பெட்டியின் கடவுச்சொல்லோ 'அட்மின்', 12345. தணிக்கையின் போது அப்பெட்டியின் நுழைவுக் குறிப்பைத் திறந்து பார்த்தோம். நடுநிசி வேளைகளில், வெளிநாட்டு முகவரிகளிலிருந்து, பலமுறை உள்ளே நுழைந்த தடயம் இருந்தது. பால் அளப்பதைப் பார்ப்பதில் அந்நாட்டாருக்கு என்ன ஆர்வம் இருக்க முடியும்? அவர்களுக்கு வேண்டியது அப்பெட்டியே. அது சங்கத்தின் கணக்குக் கணினி இருந்த அதே வலையில் இருந்தது.

2016ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் நிரல் இவ்வாறே கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. தொழிற்சாலையில் வைக்கப்பட்ட கடவுச்சொற்களில் அறுபதுக்குச் சற்று அதிகமானவற்றை வரிசையாக முயன்று பார்ப்பதைத் தவிர அதனிடம் பெரிய வித்தை எதுவும் இல்லை. அக்கருவிகளைக் கொண்டு அதே ஆண்டு அக்டோபரில் தொடுத்த தாக்குதலால் அமெரிக்காவில் பெரிய இணையதளங்கள் பல, மணிக்கணக்கில் முடங்கின.

கேமராவைத் தொலைவிலிருந்து பார்க்கவே கூடாதா எனின், பார்க்கலாம். உள்ளேயிருந்து பெட்டி தானே தொடர்பு கொள்ளும் செயலி முறையைப் பயன்படுத்தி, வலுவான கடவுச்சொல் வைத்தால், மடை வெட்டவேண்டிய தேவை எழாது. 3389ஆம் வாயிலைத் திறந்து அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து இயக்கும் வழக்கத்தை மட்டும் நாம் முற்றிலும் ஏற்பதற்கில்லை. பிணைத்தொகை கேட்கும் கும்பல்கள் விரும்பித் தேடும் வாயில்களுள் அதுவும் ஒன்று. அவ்வாறு இயக்கியே தீரவேண்டுமாயின் வி.பி.என். எனப்படும் மறைவழி அமைத்துக்கொள்ளவேண்டும்.

வலையைப் பிரித்து வைப்பதும் இதனோடு சேர்ந்ததே. அலுவலகக் கணினிகள் ஒரு வலை. கேமராவும் தொலைக்காட்சியும் வேறொரு வலை. கிராம சபைக்கு வருவோரும் மாணவரும் பயன்படுத்தும் வைஃபை இன்னொரு வலை. விருந்தினர் வலை என்று தனியே வைக்கும் வசதி சாதாரண ரவுட்டர்களிலும் இன்று காணப்படுகிறது. மாட்டுத் தொழுவத்தையும் நெற்குதிரையும் ஒரே அறையில் வைப்பார் உண்டோ?

விலையுயர்ந்த பெட்டி வேண்டுமா?

'யூ.டி.எம்.' என்ற பெயரில் தனித் தீயரண் பெட்டிகளை விற்போர் அலுவலகங்களுக்கு வருகின்றனர். பல கணினிகளும், தனிச் சர்வரும், கிளைகளும் உள்ள பெரிய நிறுவனங்களுக்கு அவை பயன்படும். ஆனால் அவற்றின் கூர்மை ஆண்டுதோறும் கட்டும் உரிமத் தொகையில் இருக்கிறது. முதலாண்டு மானியத்தில் வாங்கிவிட்டு, இரண்டாமாண்டு உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டால், புதிய ஆபத்துகளை அறியாத பழைய காவலாளியாக அப்பெட்டி நின்றுவிடும். இரண்டு மூன்று கணினிகள் உள்ள ஊராட்சிக்கோ, வீட்டிலிருந்து விதை வியாபாரம் செய்யும் விவசாயிக்கோ இது தேவையில்லை என்பதே நமது கருத்து. அப்பணத்தில் பழைய கணினி ஒன்றை மாற்றிவிடலாம்.

தீயரண் தடுக்காதவை

நாம் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தால் தீயரண் உள்ளே விடும் என்று கூறினோம். ஏமாற்றுவோர் இதனை நன்கு அறிவர். ஆகவே நம்மையே முதற்கடிதம் எழுத வைக்கின்றனர். 'வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்தச் செயலியை ஏற்றுங்கள்' என்று தொலைபேசியில் சொல்வார்கள். நாம் ஏற்றியவுடன் நமது திரை அவர்கள் கைக்குப் போய்விடும். தொடர்பு உள்ளேயிருந்து தொடங்கியதால் தீயரண் பேசாமல் இருக்கும். மின்னஞ்சலில் வரும் இணைப்பும், ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவும் இத்தகையவையே. டிஜிட்டல் கையொப்பச் சாவியைக் கணினியிலேயே செருகியபடி விட்டுச் செல்லும் வழக்கமோ எல்லாவற்றிலும் கேடானது. அச்சாவி பீரோவுக்குள் இருக்கவேண்டிய பொருள். அதன் ரகசிய எண்ணைத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைப்பதும் ஆகாது.

இக்காரணத்தால் வாரம் ஒருமுறையேனும் முக்கியக் கோப்புகளைத் தனி வட்டில் நகலெடுத்து, வட்டைக் கணினியிலிருந்து கழற்றிப் பீரோவில் வைக்கவேண்டும். கழற்றாத வட்டை வானாக்ரை போன்றவை கணினியுடன் சேர்த்தே பூட்டிவிடும். விதை நெல்லைக் களத்திலேயே விட்டுவைப்பார் எவரும் இல்லை.

பார்த்துக்கொள்ளும் முறை

காவல் சரியாக இருக்கிறதா என்பதை ஓரளவுக்கு நாமே சோதிக்கலாம். அலுவலகத்தின் வெளிமுகவரியை இணைப்புக் கொடுத்தவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, கைபேசியின் வைஃபையை நிறுத்தி, அதன் சொந்த இணையத்தின் மூலம் அந்த முகவரியைத் திறந்து பார்க்கவேண்டும். ரவுட்டரின் அல்லது கேமராவின் நுழைவுப் பக்கம் தோன்றினால் மதகு திறந்திருக்கிறது என்று பொருள். தோன்றாதது மட்டும் முழுச் சான்றாகாது. ஆண்டுக்கொருமுறை, தணிக்கைக்கு முன்பாக, விவரமறிந்த ஒருவரைக் கொண்டு எல்லா வாயில்களையும் பார்க்கச் செய்யலாம். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரம் 2017இல் தொடங்கப்பட்டது. தீய நிரல்களை நீக்கும் கருவிகளை அது இலவசமாக அளிக்கிறது.

திரையில் பிணைத்தொகை அறிவிப்புத் தோன்றினால், முதலில் செய்யவேண்டியது வலைக் கம்பியைப் பிடுங்குவது, வைஃபையையும் நிறுத்திவிடவேண்டும். மற்றக் கணினிகளையும் அவ்வாறே பிரிக்கவேண்டும். திரையைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளவேண்டும்; அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிடக் கூடாது. பணம் செலுத்தினாலும் கோப்பு திரும்பும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. அரசு அமைப்புகள் இத்தகைய நிகழ்ச்சியை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2022 ஏப்ரலில் ஆணை பிறந்தது; ஆதலால் ஒன்றிய அலுவலகத்துக்கு அன்றே தகவல் வந்துவிடவேண்டும், மறுநாள் கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருத்தல் ஆகாது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைக்கவேண்டும். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்கு முன் தடுத்து நிறுத்துவது அழைப்பின் விரைவைப் பொறுத்தது.

இனி, ரவுட்டரின் புதிய கடவுச்சொல்லை எங்கே வைப்பது என்பது ஒன்று மீதியிருக்கிறது. அதை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு முத்திரை வைத்து, பீரோவில் தீர்மானப் புத்தகத்துடன் வைக்கலாம். பொறுப்பு மாறும்போது, பூட்டுச் சாவிகளுடன் அவ்வுறையையும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் ஓர் இனமாகச் சேர்த்து, பெற்றுக்கொண்டவர் கையொப்பமிட்ட பின் கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றிக்கொள்ளவேண்டும்.